வேலியும் சுக்கானும்

நார்த்மீட், சிட்னி
18-7-1976

அன்புத் தங்கச்சி யோகாவுக்கு, அண்ணன் விக்னராஜா எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை வளவின் கோடியில் இருக்கும் கக்கூசுக்குள் இருந்து எழுதுகிறேன். உன் மச்சாள் சிவனேஸ்வரி இரண்டு தரம் வந்து கதவைத் தட்டி, வயிற்றுக்கு என்ன என்று கேட்டுவிட்டாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. இந்த வீட்டில் உன் மனுசன் இல்லாத இடம் இது ஒன்றுதான்.

நாங்கள் சுகம். பாண் பேக்கரி வேலையில் முதுகு மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது. உன் முழங்கால் எப்படி? மெல்பேர்ண் குளிரில் காலுறை போடாமல் திரியாதே.

தேவராஜா மச்சான் பத்து நாள் நின்றுவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தவர். இன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். வேலை செய்த கிடங்கை மூடிவிட்டார்களாம், அவசரம் இல்லையாம். நீங்கள் இருவரும் ஏதும் சண்டையோ என்று கேட்டால், "மச்சான், இந்த யன்னல் கொளுக்கி சரியில்லை, பூட்டித் தரட்டோ?" என்கிறார். பூட்டியும் தந்துவிட்டார். வீட்டில் இனிப் பூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

நான் தலைவரான கதை உனக்குத் தெரியாது. இங்கே பதினான்கு தமிழ்க் குடும்பம் சேர்ந்து ஒரு தோட்டச் சங்கம் தொடங்கினோம். டொக்டர் தலைவரானால் எஞ்சினியர் வரமாட்டார், எஞ்சினியர் ஆனால் கணக்காளர் வரமாட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் பார்த்து ஒருவருக்கும் எரிச்சல் வராது என்று என்னைப் பிடித்து இருத்திவிட்டார்கள். சார்லி என்று ஒரு மால்டாக்காரக் கிழவர், ஹோக்ஸ்பரி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் தன் காணியில் ஒரு துண்டைச் சும்மா தந்தார். பாலத்தால் சுற்றிப் போனால் பதின்மூன்று மைல். அதனால் ஒரு தகரப் படகு எடுத்தோம். வல்வெட்டித்துறைச் சிறி சுக்கான் பிடிக்கிறவர். கப்பலில் வந்து இங்கே நின்றுவிட்டவர், கெட்டிக்காரன்.

போன சனிக்கிழமை உன் மனுசன் அந்தப் படகைக் கண்டார். கண்டதும் நிமிர்ந்து நின்றார். "மச்சான், நான் கடற்படையிலை இருபத்திரண்டு வருசம்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது வினை.

ஏன் வந்தவர், எப்போது போவார்? உண்மையை எழுது. அவர் உன் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. கால் விறைத்துவிட்டது, எழும்புகிறேன்.

உன் அண்ணன்


கோபர்க், மெல்பேர்ண்
2-8-1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. உங்கள் முதுகுக்கு மச்சாளிடம் சொல்லி எண்ணெய் போட்டுப் பிடியுங்கள். அவ தாதி, நீங்கள்தான் சொல்லுக் கேளாத நோயாளி.

அவருடைய பிரஷர் குளிசையை வேறாக ஒரு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. நீல ஸ்வெற்றரும் இருக்கிறது. கொலர் கிழிந்திருந்தது, தைத்திருக்கிறேன். உப்பைக் குறையுங்கள். கருவாடு கொடுக்க வேண்டாம், கேட்பார்.

எப்போது வருவார் என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? தானாகப் போனவர், தானாக வரட்டும். ஏன் போனார் என்பதை அவரிடமே கேளுங்கள்.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. ஒபீஸ், வீடு. பின்வளவுக் குழாய் சொட்டுகிறது.

யோகா


முன் அறை, நார்த்மீட்
14-8-1976

தலைவர் அவர்கள்,
தோட்டச் சங்கம்,
அதே வீடு, நார்த்மீட்.

பொருள்: படகின் பொறுப்பும் காணிப் பங்கீடும்

ஐயா,

தாங்களும் குடும்பத்தினரும் நலமாக இருப்பதை இன்று காலை தேநீர் அருந்தும்போது நேரில் கண்டு மகிழ்ந்தேன்.

படகின் பொறுப்பு ஒழுங்குமுறையாக எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். திரு. சிறி அவர்கள் சேட்டுப் போடாமல் சுக்கான் பிடிக்கிறார். வாழைப்பழம் தின்றுகொண்டு பிடிக்கிறார். என் கட்டளைகளுக்கு "ம்" என்று மட்டும் பதில் சொல்கிறார்.

காணியைப் பொறுத்தவரை, பதினான்கு குடும்பங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கயிறு பிடித்துவிட்டேன். எல்லை இல்லாத காணியில் ஒற்றுமை நிலைக்காது. ஆற்றங்கரையில் முள்முருக்கு மரம் நிற்கிறது, ஊரில் வேலிக் கதியாலுக்கு வெட்டும் அதே மரம். அதில் பச்சைத் தடிகள் வெட்டி வேலி நாட்ட அனுமதி கோருகிறேன்.

உண்மையுள்ள,
வ. தேவராஜா
(கடற்படை, ஓய்வு)


குசினி, நார்த்மீட்
19-8-1976

அன்புள்ள கடற்படை ஓய்வு மச்சானுக்கு,

உங்கள் கடிதம் இன்றைக்குத் தபாலில் வந்தது. முன் அறையிலிருந்து குசினிக்கு ஐந்து நாள் எடுத்திருக்கிறது. முத்திரையும் ஒட்டியிருந்தீர்கள். தபால்காரன் அனுப்பினவர் விலாசத்தையும் வாங்குகிறவர் விலாசத்தையும் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நானும் சுகம். நீங்களும் சுகம் என்று குறட்டைச் சத்தத்தில் அறிந்தேன்.

வேலிக்கு அனுமதி தந்தேன். எனக்கு வேலியைப் பற்றி என்ன தெரியும், எங்கள் வீட்டு வேலியை எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார், வருசம் அரை அடி எங்கள் பக்கம் தள்ளி. படகு விசயத்தில் நீங்களும் சிறியும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். வாழைப்பழம் தின்னக் கூடாது என்று சட்டம் போட என்னால் முடியாது, எனக்கும் பசிக்கும்.

இதற்குப் பதில் எழுதுவதென்றால் கதவைத் திறந்து சொல்லவும்.

விக்னராஜா, தலைவர்


நார்த்மீட்
12-9-1976

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஸ்வெற்றர் அளவாக இருக்கிறது. தைத்த கொலரை அவர் கையால் தடவிப் பார்த்தார். கருவாடு கேட்டார், கொடுக்கவில்லை.

காணிக்கதையைக் கேள். இருநூறு தடிக்கு மேல் நாட்டிவிட்டார். வேலி வந்த நாளிலிருந்து ஒருவரும் பயிரைப் பார்ப்பதில்லை, எல்லையைத்தான் பார்க்கிறார்கள். எஞ்சினியர் நித்தியானந்தனும் டொக்டர் விமலாதேவியும் ஒரு சாண் நிலத்துக்காகக் கதைக்காமல் விட்டுவிட்டார்கள். அவர் ஒரு சனிக்கிழமை தடியைப் பிடுங்கித் தள்ளி நாட்டுவார், இவ மறு சனிக்கிழமை அதைப் பிடுங்கித் திருப்பி நாட்டுவா. நடுவில் நின்ற பூசணிக்கொடி இரண்டு பேர் காலிலும் மிதிபட்டுச் செத்துப்போயிற்று. அவுஸ்திரேலியா எவ்வளவு பெரிய நாடு! எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு சாண்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குத் தலை இடிக்கிறது.

ஆனால் இதை எழுத வந்தது வேறு விசயத்துக்கு. நேற்றுப் படகில் போகும்போது சிறி சுக்கானை விடாமல் கேட்டார்: "ஐயா, எந்தக் கப்பலிலை இருந்தனீங்கள்?"

உன் மனுசன் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, அறுபத்திமூண்டாம் ஆண்டளவிலை எந்தக் கப்பல் எண்டு கேட்டனான்."

"தம்பி, முன்னாலை மரக்குற்றி மிதக்குது, அதைப் பாரும்" என்றார்.

மரக்குற்றி ஒன்றும் மிதக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் பகிடிக்காரன், ஆனால் குருடன் இல்லை. யோகா, இவர் எந்தக் கப்பலில் இருந்தவர்? இதற்கும் இவர் வீட்டை விட்டு வந்ததற்கும் என்ன தொடர்பு? எனக்கு நேரே எழுது.

அண்ணன்


நார்த்மீட்
10-10-1976

யோகாவுக்கு,

நாலு கிழமை. ஒரு வரி இல்லை. சுகமில்லையோ என்று ரெலிபோன் எடுத்தால், மச்சாளோடு தக்காளிச் சட்னி பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிட்டாய். சட்னி நன்றாக வந்ததாம். எனக்குச் சட்னியில் விருப்பமில்லை, பதிலில்தான் விருப்பம்.

வேலி துளிர்த்துவிட்டது. முருக்கந்தடி ஊரில் செய்கிற அதே வேலையை இங்கேயும் செய்துவிட்டது. ஒவ்வொரு தடியிலும் இலை. உன் மனுசன் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர் மாதிரித் திரிகிறார். மெல்பேர்ணுக்கு எப்போது என்றால், "இது ஒரு ஆள் உயரம் வரட்டும்" என்கிறார்.

அது வளருமுன் சார்லி வந்தார். இலையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். இது வேலி இல்லை, காடு என்றார். வேர் போய்த் தன் வாய்க்காலை உடைக்குமாம். இந்த நாட்டில் வேலி என்றால் காய்ந்த கட்டையாம், பச்சை மரத்தை நாட்டுகிற ஆட்களைத் தான் கண்டதில்லையாம். நொவெம்பர் முடியுமுன் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் எங்களைப் பிடுங்குவாராம். பிடுங்க வேண்டும் என்று நான் சொன்னால், "என்ர பக்கத்துத் தடியை ஒருத்தரும் தொடக்கூடாது" என்று பதினான்கு குடும்பமும் சொல்கிறது.

நொவெம்பர் ஏழாம் திகதி எங்கள் கராஜில் பொதுக்கூட்டம். வேலியா காணியா என்பது ஒன்று. படகுக்கு யார் பொறுப்பு என்பது மற்றது. சிறி எனக்குச் சொல்லிவிட்டார்: "தலைவர், சபையிலை எல்லாருக்கும் முன்னாலை கேட்பன். அவர் கப்பலின்ர பெயரைச் சொல்லட்டும். பிறகு நான் முடிவு சொல்லுறன்." என் கையில் என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியில் இவருக்கு ஏதோ உடையப்போகிறது என்று மட்டும் தெரிகிறது. உடைந்தால் உன்னிடமும் வரமாட்டார், என்னிடமும் நிற்கமாட்டார்.

பதில் போடு.

அண்ணன்


கோபர்க்
19-10-1976

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சுகம். எழுதாததற்குக் காரணம் சுகமில்லாமை அல்ல.

அவர் ஒரு கப்பலிலும் இருக்கவில்லை. இருபத்திரண்டு வருசமும் திருகோணமலையில் களஞ்சியத்தில் இருந்தார். கம்பளி, சாமான் என்று எண்ணி எடுப்பது, எண்ணிக் கொடுப்பது. அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை, ஆனால் சொல்லிக்கொண்டு திரியவும் இல்லை. இங்கே வந்த பிறகு யாராவது கடற்படையோ என்று கேட்டால், ஓம் என்பார். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் என் ஒபீஸ்காரர் ஆறு பேர் சாப்பிட வந்தார்கள். ஒருவர் அவரிடம் புயலைப் பற்றிக் கேட்டார். அவர் வாயைத் திறக்குமுன் நான், "இவர் எங்கே கடலைக் கண்டவர், கம்பளிக்கு அட்மிரல்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு எழும்பி எல்லோருடைய கோப்பையையும் கழுவி வைத்தார். மூன்றாம் நாள் உங்களிடம் வருவதற்கு ரிக்கற் எடுத்தார்.

உங்கள் பகிடி எனக்கும் ஒட்டியிருக்கிறது. உங்களுடையது ஒருவரையும் குத்தாது. என்னுடையது குத்திவிட்டது.

இதற்குள் இருக்கும் சின்ன உறை அவருக்கு. பிரிக்க வேண்டாம்.

யோகா


முன் அறை
1-11-1976

தலைவர் அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிவேன்.

ஏழாம் திகதிப் பொதுக்கூட்டத்தில் என் கடற்படைச் சேவை பற்றி எழும் கேள்விக்கு நானே பதில் அளிப்பேன். தலைவர் இடையில் புகுந்து பகிடி விட்டு என்னைக் காப்பாற்றக் கூடாது.

வ. தேவராஜா


நார்த்மீட்
8-11-1976

அன்புத் தங்கச்சி யோகாவுக்கு,

உன் முழங்கால், குழாய் எல்லாவற்றையும் பிறகு விசாரிக்கிறேன்.

முதலில் உறை. கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, கனத்த தாள். அவர் முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஒரு மணித்தியாலம். இரண்டு பக்கக் கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டேன்:

"என்னவாம்?"

"சுகம் விசாரிச்சிருக்கிறாள்."

"ரெண்டு பக்கத்துக்கோ?"

"ஓம். ரெண்டு பக்கமும் சுகம்தான்."

நேற்றுக் கூட்டம். கராஜில் கதிரை போதாமல் பெயின்ற் வாளிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் தலைவர் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். சிறி எழும்பினார். உன் மனுசன் அவரை முந்திவிட்டார்.

"தம்பி கேட்க முதல் நானே சொல்லுறன். நான் ஒரு கப்பலிலும் இருக்கேல்லை. களஞ்சியத்திலை இருந்தனான். இருபத்திரண்டு வருசம் கம்பளி எண்ணினனான்."

எனக்கு ஒரு பகிடி தொண்டை வரை வந்தது, அதை விழுங்கிவிட்டேன்.

சிறி மூச்சை விட்டாரே ஒரு மூச்சு! "கடவுளே. அப்ப எங்கடை அப்பாவின்ரை வள்ளத்தைப் பிடிச்சது நீங்கள் இல்லையோ?"

"என்ன வள்ளம்?"

"அறுபத்திமூண்டிலை நேவிக் கப்பல் பிடிச்ச வள்ளம். இந்தியாச் சேலைக் கட்டு கள்ளமாய் ஏத்தி வந்தது. நீங்கள் அந்தக் கப்பலிலை வந்த ஆளெண்டா உங்கடை கையிலை சுக்கானைத் தரமாட்டன் எண்டுதான் இவ்வளவு நாளும் கேட்டனான்."

பார்த்தாயா? இவர் கடலைக் காணாதவர் என்று பிடிபடுவேனோ என்று பயந்தார். சிறி, இவர் கடலில் தன் தகப்பனைப் பிடித்தவரோ என்று பயந்திருக்கிறார். மூன்று மாதம் நடுவில் இருந்து நனைந்தவன் நான்.

இவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு சொன்னார்: "மஞ்சள் கரைச் சேலை. சாக்கிலை சுத்தினது. ஆடி மாதம் களஞ்சியத்துக்கு வந்தது. முப்பத்தாறு கட்டு."

"எத்தினை?"

"முப்பத்தாறு. நானே எண்ணினனான். ஒரு கட்டிலை மட்டும் மூலை நனைஞ்சிருந்தது."

சிறி வாளியில் இருந்துவிட்டார். அவருடைய தகப்பன் முப்பத்தாறு கட்டும் நேவியிடம் போயிற்று என்று வந்து சொன்னாராம். தாய் நம்பவில்லை. அதில் ஐந்து கட்டை வழியில் யாரோ ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார் என்று பதின்மூன்று வருசமாக அந்த மனுசனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம். "அப்பா பொய் சொல்லேல்லை" என்று நாலு தரம் சொன்னார். பிறகு, "ஐயா, இதை ஒரு கடிதத்திலை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவீங்களோ? அம்மாவுக்கு" என்றார். உன் மனுசன் அங்கேயே தாள் கேட்டார். அவருக்குக் கடிதம் எழுதச் சொல்லியும் கொடுக்க வேண்டுமா!

அதோடு படகுச் சண்டை முடிந்தது. சுக்கான் சிறிக்கு, எத்தனை பேர், என்ன சாமான் ஏறுவது என்பது இவருக்கு. காணிக்கும் இவரே எழும்பினார். "நான் நாட்டினது இருநூற்றிப் பதினெட்டுத் தடி. நானே பிடுங்குவன்" என்றார். அவரே சொன்ன பிறகு யார் மறுப்பது? இனி எல்லை கிடையாது, ஒவ்வொரு பயிருக்கும் ஒரு பாத்தி, எல்லோரும் எல்லாவற்றையும் கொத்துவது என்று தீர்மானம் போட்டோம். நித்தியானந்தனும் விமலாதேவியும் சேர்ந்து எதிர்த்தார்கள். எட்டுக் கிழமைக்குப் பிறகு அவர்கள் இருவரும் கதைத்தது அதுதான்.

கூட்டம் முடிந்து உன் மனுசன் மச்சாளிடம் கேட்டது: "மெல்பேர்ண் ரயில் எத்தினை மணிக்கு?"

தடிகளைப் பிடுங்க ஒரு கிழமை பிடிக்கும். பிறகு வருவார். கருவாடு ஒரு துண்டு கொடுத்தேன், மன்னித்துக்கொள்.

அண்ணன்


கோபர்க்
22-11-1976

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

அவர் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். கொஞ்சம் மெலிந்திருக்கிறார், பிரஷர் பரவாயில்லை. குழாய் இப்போது சொட்டுவதில்லை.

நேற்று என் ஒபீஸ்காரர் இரண்டு பேரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். முப்பத்தாறு கட்டின் கதையை அவர் சொன்னார். நடுவில் குசினியில் கேத்தில் கூவியது. கதை முடியும் வரை நான் எழும்பவில்லை. தண்ணீர் வற்றிக் கேத்தில் கருகிவிட்டது.

முதுகைக் கவனியுங்கள்.

யோகா


குசினி, நார்த்மீட்
28-11-1976

திரு. வ. தேவராஜா (களஞ்சியம், ஓய்வு) அவர்களுக்கு,

பொருள்: படகு

ஐயா,

தாங்களும் தங்கச்சியும் சுகமாக இருப்பதாக அறிந்தேன். கேத்தில் பற்றி அனுதாபங்கள்.

நேற்றுச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படகு ஆற்றில் இறக்கப்பட்டது. அதில் நான், சிறி, டொக்டர் விமலாதேவி, எஞ்சினியர் நித்தியானந்தன், இரண்டு பெட்டி மிளகாய்க் கன்று, சங்கத்தின் கூட்டக் குறிப்புக் கொப்பி ஆகியவை ஏற்றப்பட்டன.

படகின் பின்புறம் அடியில் மழைத்தண்ணீர் வடியவிடும் துவாரம் ஒன்று உண்டு. அதை மூடும் தக்கை களவு போகாமல் இருக்க நீங்கள் அதைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தீர்கள் என்று சிறி எனக்குச் சொன்னார். கரையிலிருந்து இருபது அடி தூரத்தில் வைத்துச் சொன்னார். அந்த நேரம் தண்ணீர் என் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எஞ்சினியர் துவாரத்தின் அளவைக் கேட்டார். டொக்டர் தன் பெருவிரலைக் கொடுத்தார். விரல் அளவு போதவில்லை.

அந்த இடத்தில் ஆழம் நெஞ்சளவு. மிளகாய்க் கன்றுகள் மிதந்தன. கொப்பி மிதக்கவில்லை. நாங்கள் நால்வரும் நடந்து கரைக்கு வந்தோம். படகு ஆற்றுக்கடியில் நேராக இருக்கிறது. தக்கையைத் தபாலில் அனுப்பிவைக்கவும்.

மற்றும்படி எல்லோரும் சுகம்.

விக்னராஜா, தலைவர்